எக்ஸ்பாக்ஸ் வழக்கு ஏன் காப்புரிமை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடியவில்லை?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு வாசகர் கேட்கிறார்: "மைக்ரோசாஃப்ட் - மோட்டோரோலா தகராறு இன்டர்லேஸ்டு வீடியோ காப்புரிமை பற்றியது என்றீர்கள். காப்புரிமை மேல்முறையீடுகள் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்குத்தானே போகும்? இது மட்டும் ஏன் ஒன்பதாவது சர்க்யூட்டில் முடிந்தது?" சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். ஃபெடரல் சர்க்யூட் அமெரிக்காவில் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் நீதிமன்றம். ஒன்பதாவது சர்க்யூட் மேற்கு மாநிலங்களுக்கான பொது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

முதலில் தொழில்நுட்பத்தைப் பார்த்துவிடலாம். இன்டர்லேஸ்டு வீடியோவில் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்திலும் பதிவாகும். இரண்டையும் ஒன்றாக அடுக்கினால், ஓடுகிற பந்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கும். பிசிறடிக்கும் படத்தைக் குறைந்த தரவில் அடங்கும்படி சுருக்குவது பெரும் பாடு. ஆனால் பந்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை, அங்கே பிசிறும் இல்லை. ஆகவே படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டி, அசைவுள்ள இடத்தில் இரண்டு வகை வரிகளையும் பிரித்தும், அசையாத இடத்தில் சேர்த்தும் சுருக்குவது லாபம். வீடியோவைச் சுருக்குவதற்கான எச்.264 என்ற பொதுத் தரத்தில் (ஸ்டாண்டர்டில்) இந்த உத்தி உண்டு. வழக்கில் பேசப்பட்ட மோட்டோரோலா காப்புரிமைகள் பெரும்பாலும் இதைச் சுற்றியவைதான்.

தரத்தில் இடம்பெற்ற காப்புரிமைகளுக்கு நியாயமான கட்டணம்தான் கேட்போம் என்று மோட்டோரோலா வாக்குக் கொடுத்திருந்தது. 2010 அக்டோபரில் எழுதிய கடிதத்திலோ 2.25 சதவீதம் கேட்டது, அதுவும் எக்ஸ்பாக்ஸ் கேம் கருவி, விண்டோஸ் கணினி என முழுக் கருவியின் விலையில். 1000 டாலர் லேப்டாப் என்றால் 22.50 டாலர்! வாக்கை மீறிவிட்டார்கள் என்று மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. அதாவது இது கொடுத்த வாக்கை ஒப்பந்தமாகக் கொண்ட ஒப்பந்த வழக்கு, காப்புரிமை மீறல் வழக்கு அல்ல. அதனால்தான் ஃபெடரல் சர்க்யூட்டுக்குப் போன மேல்முறையீட்டை அந்த நீதிமன்றமே ஒன்பதாவது சர்க்யூட்டுக்கு அனுப்பிவிட்டது.

கீழ் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட், 2013 ஏப்ரலில், மைக்ரோசாஃப்ட் பொருள்களுக்கு இன்டர்லேஸ்டு வசதி அவ்வளவு முக்கியமில்லை என்று கண்டு, எச்.264 காப்புரிமைகளுக்கு ஒரு கருவிக்கு 0.555 சென்ட் கட்டணம் என்று நிர்ணயித்தார். ஒரு சென்ட்கூட இல்லை, கவனியுங்கள். அதற்கு முன், பிப்ரவரியிலேயே மோட்டோரோலா காப்புரிமைகளின் 13 கோரிக்கைகள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று காப்புரிமையில் எழுதும் வரிகள்) செல்லாது என்று தீர்ப்பானது. டிகோட் செய்வதற்கான, அதாவது சுருக்கிய வீடியோவை மீண்டும் விரிப்பதற்கான 'வழிமுறை' என்று கோரிக்கையில் எழுதியவர்கள், அதற்கான அல்காரிதத்தை விவரிக்கவில்லை. காப்புரிமை எழுதுகிறவர்களுக்கு என்னைக் கேட்டால் தீர்ப்பின் தொகையைவிட இதுதான் பெரிய பாடம்.

2015 ஜூலையில் மேல்முறையீட்டிலும் மைக்ரோசாஃப்ட்டே வென்றது. கீழ் நீதிமன்ற ஜூரி மைக்ரோசாஃப்ட்டுக்குக் கொடுத்த இழப்பீடு சுமார் 14.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பகுதி எதற்குத் தெரியுமா? மோட்டோரோலா போட்ட வழக்கால் ஜெர்மனியில் விற்பனைத் தடை வந்துவிடும் என்ற பயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் கிடங்கை நெதர்லாந்துக்கு மாற்றிய செலவுக்கு.