கம்பியைக் கடிக்கும் முயலும் சத்தம் தாங்காத காதும்

நேயர்களுக்கு வணக்கம்.

முயல் சத்தமே போடாத பிராணி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதை நம்பித்தான் நானும் வளர்க்க ஆரம்பித்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சத்தம் தாங்காது. பக்கத்தில் ஒருவர் பேனாவை டக் டக்கென்று அழுத்திக்கொண்டிருந்தால் போதும், நெஞ்சு படபடக்கும், எழுந்து போய்விடத் தோன்றும். இது வீம்பு என்று வீட்டில் சொல்வார்கள். வீம்பு இல்லை. குறிப்பிட்ட சில ஒலிகளைக் கேட்டதும் கோபமும் பதற்றமும் பொங்கிவரும் இந்த நிலைக்கு மிசோஃபோனியா என்று பெயர். 2001இல் மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், உங்கள் அவஸ்தை எனக்குத் தெரியும்.

சரி, முயலுக்கு வருகிறேன். வெள்ளை நிறம், பஞ்சு என்று பெயர் வைத்தேன். வந்த மூன்றாவது நாள், விடியற்காலை நான்கு மணி. கிர்ர்... டங். கிர்ர்... டங். கூண்டுக் கம்பியைப் பல்லால் பிடித்து, இழுத்து, விடுகிறது. தலையணையைக் காதில் அழுத்திப் பார்த்தேன், முடியவில்லை. எழுந்து போய் ஒரு பிடி இலை கொடுத்தேன். உடனே சத்தம் நின்றது. மறுநாள் மூன்றே முக்காலுக்கே ஆரம்பித்துவிட்டது. மறுபடி இலை. அதற்கடுத்த நாள் மூன்றரை. இப்படியே இரண்டு வாரம். கம்பியைக் கடித்தால் ஆள் வருவார், இலை வரும் என்று நானே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் தூக்கமே இல்லாமல் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். கதவை ஒட்டிய ஒரே கம்பியைத்தான் கடிக்கிறது. அந்தக் கம்பியில் மட்டும் பூச்சு உரிந்து பளபளவென்று இருந்தது. கடிப்பதை நிறுத்திக் கதவைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், மறுபடி கடிக்கும். வெளியே வர வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். முயலுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான நேரம். அந்த நேரத்தில் ஓட வேண்டிய உடம்பை நான்கு சாண் கூண்டில் பூட்டி வைத்திருந்தேன்.

கூண்டை எடுத்துவிட்டேன். அறையின் ஒரு மூலையைத் தடுப்பு வைத்து மறைத்து, தடித்த விரிப்புப் போட்டுத் திறந்துவிட்டேன். கம்பிச் சத்தம் அன்றோடு போனது. அப்புறம் விடியற்காலையில் எது நடந்தாலும் எழுந்து போய்த் தீனி கொடுப்பதில்லை. மாலையில் விளையாட்டு, படுக்கப் போகும் முன் நிறைய உலர்ந்த புல், இந்த ஒழுங்கை மாற்றுவதும் இல்லை.

இதில் நான் கண்டுகொண்ட விஷயம் ஒன்றுதான். முயலைச் சுற்றியிருக்கும் பொருள்கள்தான் சத்தம் போடுகின்றன. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்து மாட்டியிருக்கும், அதன் குழாய் முனையில் ஒரு சின்ன இரும்புக் குண்டு. முயல் நக்கும்போதெல்லாம் அந்தக் குண்டு உள்ளே தட்டும். டக டக டக டக. முயல் வைத்திருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பாட்டிலா, கிண்ணமா? கனமான பீங்கான் கிண்ணம் வையுங்கள். தலையைக் குனிந்து குடிப்பது முயலுக்கும் இயல்பு, நமக்கும் காதில் ஒன்றும் விழாது. லேசான கிண்ணம் வேண்டாம், பல்லால் கவ்வித் தூக்கி எறிந்துவிடும். கழிவுத் தட்டின் அடியிலும் ஒரு துணி விரியுங்கள். திரும்பவும் சொல்கிறேன், பொருளை மாற்றுங்கள், முயலை மாற்ற முடியாது.

கடிக்காதே என்று முயலிடம் சொல்லவும் முடியாது. அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர். நாள் முழுக்க உலர்ந்த புல் அரைத்தால்தான் பல் தேயும், குடலும் ஓடும். மனிதர்கள் மென்று தின்னும் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. பஞ்சு புல் தின்னும் சரசரப்பு மட்டும் ஏனோ உறுத்துவதில்லை.

இன்னொன்று, பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பது. தொம் என்று கேட்கும். ஆபத்து என்று மற்ற முயல்களுக்குத் தரும் எச்சரிக்கை அது. தரை வழியாகக் கட்டிலுக்கு ஏறி வருவதால் காதடைப்பான் வைத்தாலும் தெரியும். கட்டில் காலுக்கு அடியில் ரப்பர் வைத்தேன், பாதி குறைந்தது. மீதி பாதிக்குக் காரணம் நான்தான் என்று பிறகுதான் புரிந்தது. எரிச்சலில் நான் கதவை அறைவேன், அது காலை அடிக்கும், நான் கத்துவேன், மறுபடி அடிக்கும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், முயலுக்கு ஏறத்தாழ 42,000 வரை. நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சொலிகள்கூட அதற்குக் கேட்கின்றன. அந்த வீட்டில் சத்தம் தாங்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர். அன்றிலிருந்து கதவை மெதுவாகச் சாத்துகிறேன். அது காலை அடித்தால் பக்கத்தில் போய்ப் பேசாமல் உட்காருகிறேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். கருத்தடை அறுவையால் பல முயல்களிடம் உறுமலும் காலைச் சுற்றி ஓடுவதும் குறையும், அதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காதடைப்பானை நாள் முழுக்க வைக்காதீர்கள், காது இன்னும் கூச ஆரம்பிக்கும். இரவில் நான் ஒரு காதில்தான் வைக்கிறேன், காரணம் உண்டு. தடவிக்கொடுக்கும்போது பல்லை மெல்ல உரசினால் அது சுகம். அதுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு உரக்க நறநறவென்று பல்லைக் கடித்தால் வலி. அத்துடன் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்த ஒரு சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

வணக்கம்.