கடைத்தெருவும் பள்ளிக்கூடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஊரில் தொழில் நடத்துகிறவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வாறு துணைநிற்கலாம் என்பதைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கடைக்காரர்கள் பள்ளிக்குத் தருவது பெருந்தொகையாக இருக்க வேண்டியதில்லை; ஆனால் தவறாமல் வருவதாக இருக்க வேண்டும், பணத்தோடு அவர்களுடைய கைத்திறமையும் நேரமும் சேர்ந்து வர வேண்டும். இந்த முறையை நாம் எங்கிருந்தோ புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் நம் தென்மாவட்டக் கடைத்தெருக்களில் இது நூறாண்டுகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

பருப்பு, வத்தல், எண்ணெய் விலைக்கு இன்றைக்கும் தமிழ்நாடு திரும்பிப் பார்க்கும் விருதுநகரை எடுத்துக்கொள்வோம். விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கே வணிகம் செய்த நாடார் சமூகத்தார், வாங்குகிற சரக்குக்கும் விற்கிற சரக்குக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அதற்குப் பெயர் மகமை. உறவின்முறை எனப்பட்ட அந்தச் சமூகத்தாரின் ஊர் அமைப்பினர் அந்தப் பணத்தைக் கணக்கு வைத்துக் காத்துக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் செலவிட்டார்கள். ஆண்டு முடிவில் ஏதேனும் மிச்சப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட பணம் அல்ல அது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சரக்கு கைமாறும்போதே அதுவும் எடுத்து வைக்கப்பட்டது. லாபமா நட்டமா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பொதுப்பங்கு தனியாகப் போய்விட்டது. கோயில் நுழைவும் சில வீதிகளில் நடக்கும் உரிமையும்கூட மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தார், பிறருடைய தயவுக்குக் காத்திராமல் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே வழி தேடிக்கொண்டதன் கதை இது.

அவ்வாறு 1889-ஆம் ஆண்டில் அங்கே எழுந்ததுதான் சத்திரிய வித்தியாசாலை. அந்தப் பள்ளியை நடத்துவதற்குக் கடைக்காரர்களின் மகமை மட்டும் போதவில்லை. வீட்டுப் பெண்களும் அதில் பங்கெடுத்தார்கள். உலையில் போடுவதற்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்காக வீடு வீடாகப் போய் அந்த அரிசியை வாங்கிச் சேர்ப்பதற்கென்று ஆள்கள் இருந்தார்கள். சேர்ந்ததை விற்று வந்த பணம் பள்ளிக்குப் போயிற்று. பிடி அரிசித் திட்டம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்லும் ஏற்பாடு இதுதான். நாள்தோறும் ஒரு பிடி அரிசி என்பது எந்த வீட்டுக்கும் பெரிய இழப்பு அல்ல. ஆனால் எந்த வீடும் ஒரு நாளும் மறவாமல் இருந்தால்தான் அந்தத் திட்டம் நடக்கும், அந்த மறவாமையில்தான் பள்ளியில் பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்தார்கள்.

அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராசர். 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுபோக, தம் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். இந்தச் செய்தியை நாம் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் இன்றைய பொருளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அது நம் மனத்தை உறுத்த வேண்டும். பள்ளியில் கட்டணம் இல்லை. பிடி அரிசி கொடுத்து ஊரே அந்தப் பள்ளியைத் தாங்கியது. அப்படியிருந்தும் வீட்டு நிலைமை ஒரு சிறுவனைப் பள்ளியிலிருந்து கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. பள்ளிக்கு மகமை கொடுத்த அதே கடைத்தெருதான் அந்தச் சிறுவனுக்கு வேலையும் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது ஆதரவற்ற குடும்பத்துக்குச் செய்த உதவி என்பதில் ஐயமில்லை, அதற்காக யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பள்ளியைக் கட்டுவதோடு பிள்ளை பள்ளியில் நிலைத்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

அவரே பின்னாளில் முதலமைச்சராகி, 1956-இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, முழுச் சுமையையும் அரசே தூக்கவில்லை. செலவில் ஒரு பங்கை ஊரார் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் அது வளர்ந்தது. தொடர்ந்து 1958-ஆம் ஆண்டிலிருந்து, கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், அந்தந்த ஊர் வணிகர்களும் விவசாயிகளும் நிலமும் கட்டடமும் கரும்பலகையும் பலகை நாற்காலியும் கடிகாரமுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அரசும் ஊரும் சேர்ந்து பள்ளியைத் தாங்குவது என்ற பழக்கம் நமக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

இன்று நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று பேச்சு எழுந்தாலே எல்லோரும் பெரிய நிறுவனங்களை நோக்கித்தான் பார்க்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு அதற்கு ஒரு காரணம். 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அருப்புக்கோட்டையில் ஒரு மளிகைக் கடையையோ, கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையையோ, சாத்தூரில் ஒரு சிறு அச்சகத்தையோ அது தொடவே தொடாது. தொட வேண்டிய தேவையும் இல்லை. பெரிய நிறுவனத்தின் பணம் கட்டடமாகவும் கணினியாகவும் வரும். அந்தக் கணினியின் முன்னால் யாருடைய பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், அவன் வீட்டில் இந்த மாதம் என்ன கஷ்டம் என்பது கடன் எழுதிக்கொடுக்கும் மளிகைக் கடைக்காரருக்குத்தான் தெரியும். ஊர்க்கடையின் பலம் அந்த நெருக்கத்தில் இருக்கிறது.

நேரத்தைத் தருவது என்று நான் சொன்னதற்கு, எங்கள் ஊரில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு பொறியியல் கலந்தாய்வுக்கும் கலைக்கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பம் எல்லாமே இணையவழிதான். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லாத பிள்ளைகள் அப்போது அந்தக் கடைக்கு வருகிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருவார்கள். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து ஒரு விதமாகவும் ஆதார் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். அந்தச் சிறு வேறுபாட்டினாலேயே கல்வி உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வந்து சேராமல் போவதுண்டு. கடைக்காரர் முதலில் அதைத்தான் பார்க்கிறார். விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பே, இதைத் திருத்திக்கொண்டு வா தம்பி என்று இ-சேவை மையத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

அடுத்தது கல்லூரிகளின் விருப்பப் பட்டியல். எந்தக் கல்லூரியை முதலில் வைக்கிறோம், எதை இரண்டாவதாக வைக்கிறோம் என்ற வரிசையைப் பொறுத்துத்தான் இடம் ஒதுக்கப்படுகிறது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கிடைக்க வாய்ப்பில்லை என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டு நல்ல அரசுக் கல்லூரியைக் கீழே தள்ளிவிட்டு, பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியை மேலே வைத்துவிடுகிறார்கள். வரிசையில் மேலே இருப்பது முதலில் கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கணினி பார்ப்பதே இல்லை. அந்தக் கடைக்காரர் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, காகிதத்தில் வரிசையை எழுதச் சொல்லி, ஏன் இது முதலில், ஏன் அது பின்னால் என்று கேட்டுக் கேட்டுத் திருத்திய பிறகே திரையில் பதிவு செய்கிறார். சேர்க்கைக் காலம் முழுவதும் மாலையில் இரண்டு மணி நேரம் இதற்காகக் கட்டணம் வாங்குவதில்லை. அவர் கொடுப்பதைப் பணமாகக் கணக்கிட்டால் சில ஆயிரம் ரூபாய் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுப் படிப்பும் குடும்பத்தின் கடன்சுமையும் அந்த மாலை நேரத்தில் தீர்மானமாகின்றன. ஓர் ஆசிரியனாக நான் அதை அருகிலிருந்து பார்த்து நெகிழ்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் பொன். மாரியப்பன் என்பவர் தம் முடிதிருத்தும் நிலையத்தில் நூலகம் ஒன்றை வைத்திருப்பதைப் பற்றிப் பலரும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2020 அக்டோபரில் பிரதமரின் வானொலி உரையிலும் அவரைப் பற்றிப் பேசப்பட்டது. தாம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். முடிவெட்டக் காத்திருக்கும் இளைஞர்கள் கைப்பேசியில் ஆழ்ந்துவிடாமல் புத்தகத்தை எடுத்துப் படித்தால் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறார். தம் தொழில் நடக்கும் இடத்திலேயே, தொழில் நடக்கும் நேரத்திலேயே, வாடிக்கையாளர் எப்படியும் காத்திருக்கும் அந்தச் சிறு பொழுதைக் கல்விக்கு ஆக்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். கடைக்காரர் பள்ளிக்குப் போய் உதவுவது ஒருபுறம் இருக்க, அவருடைய கடைக்குள்ளேயே படிப்பை விட்ட பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கிறார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். அதைப் பற்றி இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. நான் சொல்வது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைப் பற்றி. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறிவிட்டு, மே மாதத்திலேயே ஜவுளிக் கடையிலோ பாத்திரக் கடையிலோ வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள். தவறிய பாடத்துக்குத் துணைத் தேர்வு அடுத்த ஓரிரு மாதங்களுக்குள் வந்துவிடும். ஆனால் சேர்ந்த புதிதில் விடுப்பு கேட்கக் கூச்சப்பட்டு, தேர்வுக் கட்டணம் கட்டாமலே விட்டுவிடுகிறார்கள். ஓராண்டு கழிந்தால் பிறகு அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

முதலாளி அந்த மே மாதத்தில் அந்தப் பிள்ளையை அழைத்து, எந்தப் பாடம் போயிற்று, பணம் கட்டிவிட்டாயா என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கலாம். கணக்கு தெரிந்த கணக்குப்பிள்ளை ஒருவர் கடை திறப்பதற்கு முன்பு தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம். பிளஸ் டூ தேறிய பிள்ளைகளுக்கு 2002-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் நேர்முக வகுப்புகள் நடக்கும் நாளோடு கடையின் வார விடுமுறையை ஒத்துப்போகும்படி மாற்றிக்கொடுத்தால், விற்பனைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண் மூன்று ஆண்டில் பட்டம் பெற்றுவிடுவாள். படித்தால் வேலையை விட்டுப் போய்விடுவார்களே என்று சில முதலாளிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். போகிறவர்கள் அந்தக் கடையின் பெயரை நன்றியோடு சொல்லிக்கொண்டு போவார்கள், இருக்கிறவர்கள் மேலும் பொறுப்பான வேலைக்குத் தகுதியாவார்கள். இந்த இரண்டையும் நட்டம் என்று எந்த வணிகரும் எழுத மாட்டார்.

பள்ளிக்குள் சென்று தன்னார்வமாகப் பணிசெய்ய விரும்புகிறவர்கள் சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தலைமையாசிரியரையும் அந்தக் குழுவையும் கலந்துகொண்டு, என்ன தேவை என்று அவர்களிடம் கேட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும். நாம் நோட்டுப் புத்தகம் கொண்டுபோவோம். அங்கே மாணவியர் கழிப்பறையில் குழாய் உடைந்து கிடக்கும். ஹார்டுவேர் கடைக்காரர் தம்மிடம் வேலை பார்க்கும் பிளம்பரை மாதம் ஒரு சனிக்கிழமை அனுப்பிவைத்தால், பருவம் வந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவது குறையும். வகுப்பறையில் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தில் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதைத் தன்னார்வலர் தாமே கேட்டுப் பெற வேண்டும். உதவி பெறும் பிள்ளையைப் புகைப்படத்துக்கு நிறுத்துவதை அடியோடு கைவிட வேண்டும். ஏழ்மையை ஊருக்குக் காட்டி வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை விருப்பத்தோடு திறக்காது.

மகமை ஒரு சமூகத்தாருக்குள் பிறந்த ஏற்பாடு. இன்றைய கடைத்தெருவில் எல்லாச் சமூகத்தாரும் கடை வைத்திருக்கிறார்கள், அரசுப் பள்ளியில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆகையால் ஊர் வணிகர் சங்கங்களே இதைப் பொதுவில் ஏற்று நடத்துவது பொருத்தமாக இருக்கும். கடைக்கு மாதம் ஒரு சிறு தொகை, அதோடு மாதம் இரண்டு மணி நேரம் என்று சங்கத்தின் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, யார் யார் எந்த வாரம் எந்தப் பள்ளிக்கு என்று ஓர் ஏட்டில் எழுதி, பணத்தின் வரவுசெலவை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுவின் முன்னிலையில் வாசிக்கலாம். பள்ளிகள் சூன் மாதத்தில் திறப்பதால், தீர்மானத்தைச் சித்திரையிலேயே போட்டுவிட்டால் சேர்க்கைக் காலத்துக்கும் துணைத் தேர்வுக்கும் ஆள்களை ஒழுங்கு செய்ய நாள் இருக்கும்.

கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.