பூட்டு வெளியே, பணக்காரர்கள் உள்ளே: அலெக்சாண்ட்ரியாவின் மிளகு விடுதி

இருட்டினதும் வாசலை வெளிப்பக்கமா பூட்டிடுவாங்க. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்திலும் அதேதான். உள்ளே இருக்கிறவங்க கைதிகள் இல்ல. ஐரோப்பாவுக்கே மிளகு விக்கிற வெனிஸ் வியாபாரிகள்!

இடம் எகிப்தின் துறைமுக நகரம் அலெக்சாண்ட்ரியா, 15-ஆம் நூற்றாண்டு, எகிப்தை ஆண்ட மம்லூக் வம்ச சுல்தான்களோட ஆட்சி. மலபார் மிளகு செங்கடல், கெய்ரோ, நைல் வழியா இங்க வந்து சேரும். பின்னணி இவ்வளவு போதும், உள்ளே போகலாம்.

[திரையில்: விடுதியின் வரைபடம்]

இதுக்குப் பேர் ஃபுந்துக். நடுவுல திறந்த முற்றம், சுத்தி மாடிக் கட்டடம், கீழே கிடங்கு, மேலே தங்கும் அறைகள். வெனிஸுக்கு மட்டும் ரெண்டு. இத்தாலியின் ஜெனோவாகாரங்களுக்கும், இன்றைய ஸ்பெயின் பக்கத்துக் கட்டலான்களுக்கும் தனித்தனியா உண்டு. அவங்க வழக்குகளைத் தீர்க்க அவங்க ஊர் கான்சல், அதாவது அவங்க அரசோட பிரதிநிதி, இருப்பார். மதுவுக்கு அனுமதி உண்டு. 1483-ல இங்க வந்த ஃபெலிக்ஸ் ஃபாப்ரிங்கிற யாத்திரிகர், வெனிஸ் விடுதியில ஒரு பன்றி திரிஞ்சதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். இஸ்லாமிய நகரத்துக்கு நடுவுல, நினைச்சுப் பாருங்க! எனக்கு இந்த வரலாற்றுல ரொம்பப் பிடிச்ச விவரம் இதுதான்.

கப்பலும் தப்பாது. துறைமுகத்துக்கு வந்ததும் சுக்கானையும் பாயையும் அதிகாரிகள் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவாங்க. தீர்வை கட்டாம நழுவ வழியே இல்ல.

இதுக்கு ஏன் சம்மதிச்சாங்க? ஒரே வாசல்னா எந்த மூட்டையும் சுங்கத்தின் கண்ணுக்குத் தப்பாது. அது சுல்தானுக்கு லாபம். அதே வாசல் திருட்டையும் கலவரத்தையும் தடுக்கும். அது வியாபாரிக்கு லாபம். என்னைக் கேட்டா, ரெண்டு பக்கமும் கணக்குப் பார்த்துப் போட்ட பூட்டு இது.

ஆனா ஒரு பெரிய ஓட்டை. ஒருத்தர் கடனுக்கு இன்னொருத்தர் பொறுப்பில்லைன்னு சுல்தானோட போட்ட ஒப்பந்தம் சொல்லும். கோபம் வந்தா யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க. 1365-ல சைப்ரஸ் அரசர் முதலாம் பீட்டர் இந்த நகரத்தைச் சூறையாடிட்டுப் போனார். மாட்டினது மம்லூக் ஆட்சியில இருந்த ஐரோப்பிய வியாபாரிகள்: ஆளும் கைது, சரக்கும் பறிமுதல்.

15-ஆம் நூற்றாண்டு மம்லூக் சுல்தான் பர்ஸ்பாய் இன்னொரு விதமா நெருக்கினார்: மிளகை என்கிட்ட, நான் சொல்ற விலைக்குத்தான் வாங்கணும்.

வெனிஸ்காரங்க மேல பரிதாபமா இருக்கா? அப்போ வெனிஸ்லயே இருக்கிற ரியால்டோ பாலத்துப் பக்கம் வாங்க. அங்க அந்தக் காலத்துல ஜெர்மன் வியாபாரிகளுக்குன்னு ஒரு விடுதி. தங்கினா அங்கதான் தங்கணும், அரசு நியமிச்ச தரகர் இல்லாம பேரம் பேசக்கூடாது. ராத்திரி அதுக்கும் பூட்டுதான், போட்டது வெனிஸ் அரசு!