அலாய் வீல் பிளாட்பாரத்துல உரசிடுச்சு, பஃபிங் போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு நாலஞ்சு கேள்வி எடுக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா ஒரு கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரல. அதனால இந்த வீடியோ முழுக்க அது ஒண்ணுதான்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "அண்ணா, புது கார் எடுத்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பெட்ரோல் பங்க்ல இருந்து இடது பக்கம் திரும்பி வெளிய வரும்போது பின்னாடி இடது வீல் ஓரக்கல்லுல உரசிடுச்சு. டைமண்ட் கட் அலாய். ஒரு கடையில பஃபிங் போட்டா போயிடும்கிறாங்க. இன்னொரு கடையில லேத்துல போட்டு வெட்டணும்கிறாங்க. சர்வீஸ்ல கேட்டா வீலையே மாத்துங்கன்னு சொல்றாங்க. எங்க வீட்டுக்காரர் பார்க்கிறதுக்குள்ள எதைப் பண்ணலாம்? உனக்கு ஓட்டவே வராதுன்னு ஏற்கெனவே சொல்லிட்டு இருக்காங்க."

அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, அது நேத்துல இருந்து எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்கு வரேன். கண்டிப்பா வரேன். அதுக்கு முன்னாடி நம்ம வீடியோ தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரிஞ்சிருக்கும். முதல்ல ரப்பர், அப்புறம்தான் ரிம். டயர் வீடியோவுல சொன்னேன், பள்ளம் வீடியோவுல சொன்னேன், இங்கயும் அதையேதான் சொல்றேன்.

தங்கச்சி, நீங்க எழுதினதுல டயரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லம்மா. மூணு கடைக்குப் போயிருக்கீங்க, மூணு பேரும் ரிம்மைத்தான் பார்த்திருக்காங்க. சைடுவாலை, அதாவது டயரோட பக்கச் சுவரை, யாரும் கையால தடவிப் பார்த்ததா தெரியல. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல முதல்ல மாட்டறது எது? டயரோட சைடுவால்தான். ரேடியல் டயர்ல ரோட்டைத் தொடுற பகுதிக்குக் கீழ ஸ்டீல் பெல்ட் இருக்கும். சைடுவால்ல அந்த பெல்ட் கிடையாது. அங்க இருக்கிறது மெல்லிசான நூல் அடுக்கு, அதுக்கு மேல ரப்பர், அவ்வளவுதான். கல்லு ஒரு பக்கம், ரிம் விளிம்பு ஒரு பக்கம், நடுவுல சைடுவால் நசுங்கினா உள்ள அந்த நூல் அறுந்துடும். வெளிய ரப்பர்ல ஒரு கீறல்கூட இல்லாம இருக்கலாம். கொஞ்ச நாள் கழிச்சு உள்ள இருக்கிற காத்து அந்த இடத்தை வெளிய தள்ளும். புடைச்சுக்கும். அப்படிப் புடைச்ச டயருக்கு வைத்தியம் கிடையாது. பஞ்சர் கடையில ஒட்ட முடியாது, ஒட்டித் தரேன்னு சொன்னா விடவும் கூடாது. மாத்தித்தான் ஆகணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், காரைக் கண்ணாட்டம் வச்சிருப்பார். தினமும் துணி போட்டுத் துடைப்பார். பொண்ணு வளைகாப்புக்கு மதுரை போகணும்னு நாலு ரிம்மும் பாலிஷ் போட்டுக் கொண்டு வந்து நிறுத்தினார். பளபளன்னு இருந்துச்சு, அதுல குறை சொல்ல முடியாது. டீ குடிச்சிட்டே பேசிட்டு இருந்தோம், மண்டபம், சமையல்காரர், வளையல் எங்க வாங்குறதுன்னு பேச்சு எங்கெங்கயோ போச்சு. நான் பழக்கதோஷத்துல குனிஞ்சு டயரோட உள்பக்கம் கையை விட்டேன். முன் இடது டயர்ல, உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புடைப்பு. எங்கயாவது பிளாட்பாரத்துல ஏறி இறங்கினீங்களான்னு கேட்டா, ஆமா, போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல பார்க்கிங்குக்காக ஏத்தி இறக்கினேன்கிறார். அன்னைக்கு ராத்திரி குடும்பத்தோட கிளம்புறதா இருந்தவர். ஹைவேயில, நிறைஞ்ச வண்டியில, அந்த டயர் வெடிச்சிருந்தா? நான் அவரைத் திட்டல. பாலிஷ் போட்ட கடைக்காரர் கழட்டி மாட்டும்போது பார்த்திருக்கணும், அதுதான் எனக்கு வருத்தம். டயரை மாத்திட்டுத்தான் அவர் கிளம்பினார்.

அதனால உரசின அன்னைக்கே செய்ய வேண்டியது இது. வெளிப்பக்கம் நல்ல வெளிச்சத்துல பாருங்க. வெட்டு இருந்தா, உள்ள நூல் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அந்த டயர்ல அதுக்கு மேல ஓட்டாதீங்க, ஸ்டெப்னியை மாட்டுங்க. வெளிய ஒண்ணும் இல்லைன்னா உள்பக்கம் கையை விட்டு முழு வட்டமும் தடவுங்க. அப்புறம் காத்து. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் பார்த்துக் குறிச்சு வச்சு, மறுநாள் அதே நேரத்துல திரும்பப் பாருங்க. ஒண்ணு ரெண்டு பாயிண்ட் இறங்கியிருந்தா ரிம் விளிம்பு சுத்தி சோப்புத் தண்ணி ஊத்துங்க, நுரை வர்ற இடத்துல காத்து போகுதுன்னு அர்த்தம். டியூப்லெஸ் டயர்ல ரிம்மும் டயரும் சேர்ற அந்த விளிம்புதானே காத்தைப் பிடிச்சு வைக்குது? அது லேசா நெளிஞ்சாலும் காத்து கசியும். அதோட நேரான ரோட்டுல ஸ்டியரிங் நேரா இருக்கா, 80-ல போகும்போது உதறுதான்னும் கவனிங்க. பலமா இடிச்சிருந்தா அலைன்மென்ட்டும் (சக்கரம் நேரா நிக்குதாங்கிறது) பேலன்சிங்கும் (சுத்தும்போது எடை சமமா இருக்காங்கிறது) பார்த்துடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா, உங்களுக்கு ஆபத்து இல்ல. மிச்சம் இருக்கிறது அழகு மட்டும்தான். இப்ப ரிம்முக்கு வருவோம்.

டைமண்ட் கட் எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சா மூணு கடைக்காரர் சொன்னதும் விளங்கிடும். வார்த்த அலுமினிய ரிம்முக்கு முதல்ல முழுக்க பெயிண்ட் அடிச்சிடுவாங்க, பெரும்பாலும் கறுப்பு இல்ல சாம்பல். அப்புறம் லேத்துல, அதாவது சுழல விட்டு உலோகத்தைச் சீவுற மெஷின்ல மாட்டி முகப்பை மட்டும் மெல்லிசா சீவுவாங்க. அந்தச் சீவலோட நுண்ணிய கோடுகள்தான் வெயில்ல அப்படி மின்னுது. அது மேல இருக்கிறது கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட், வேற பெயிண்ட் கிடையாது. அதை பஃபிங் மெஷின்ல தேய்ச்சா என்ன ஆகும்? கிளியர் போயிடும், லேத் கோடும் போயிடும். அந்த இடம் மட்டும் மொழுக்குன்னு தனியா தெரியும். அதனால பஃபிங் வேண்டாம். லேத்துல வெட்டணும்னு சொன்னவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். ஆனா ஒவ்வொரு தடவை சீவும்போதும் உலோகம் குறையுது. ஒரு ரிம்முக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு தடவை. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். அதனால ஒவ்வொரு சின்ன உரசலுக்கும் லேத்துக்குக் கொடுக்காதீங்க. உங்க கை பழகட்டும், அதுக்கப்புறம் ஒரே தடவையா கொடுத்துக்கலாம். புது வீல் மாத்துறது, விரிசல் இருந்தா மட்டும். வெறும் உரசலுக்குத் தேவையே இல்ல.

அதுவரைக்கும் அப்படியே விட்டுடலாமான்னா, விடவும் கூடாது. கிளியர் உரிஞ்ச இடத்துல ஈரம் உள்ள போய், நல்லா இருக்கிற பகுதிக்கு அடியிலயும் வெள்ளை வெள்ளையா கோடு ஊர்ந்துடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காத்து ஊர்ல இன்னும் சீக்கிரம். அதனால சோப்பு போட்டுக் கழுவிக் காயவச்சு, நீட்டிக்கிட்டு இருக்கிற பிசிரை மட்டும் 400 நம்பர் எமரி பேப்பரால லேசா எடுத்துட்டு, தின்னர் தொட்டுத் துடைச்சு, கிளியர் லேக்கர் மெல்லிசா ரெண்டு கோட் கொடுங்க. கீறல் மறையாது. ஆனா பரவாது. ஐப்பசி மழைக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க.

டைமண்ட் கட் இல்லாம முழுக்க சில்வர் பெயிண்ட் அடிச்ச அலாய் வச்சிருக்கிறவங்க குடுத்து வச்சவங்க. வீட்லயே பண்ணலாம். 240-ல ஆரம்பிச்சு 400, 800னு தண்ணி தொட்டுத் தேய்ச்சு, ஆழமான பள்ளத்துக்கு மட்டும் பட்டி போட்டு, பிரைமர், சில்வர், கிளியர். பெயிண்ட் அடிக்கும்போது டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல சீட்டுக்கட்டுச் சீட்டை வரிசையாச் சொருகிடுங்க. டயர்ல ஒரு துளி படாது. வீல் நட்டு உட்கார்ற இடத்துலயும் பிரேக் டிஸ்க்லயும் பெயிண்ட் படக்கூடாது, அதை மூடிக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்றேன். நெளிஞ்ச ரிம்மை கேஸ் நெருப்பு காட்டி அடிச்சு நிமித்துறவங்ககிட்ட கொடுக்காதீங்க. அந்த அலுமினியத்தை ஃபேக்டரியில 540 டிகிரி பக்கத்துல சூடாக்கி, தண்ணியில அமுக்கி, திரும்ப 150, 170 டிகிரியில மணிக்கணக்கா வச்சுத்தான் அந்த பலத்தைக் கொண்டு வர்றாங்க. நீங்க ஒரு இடத்துல மட்டும் நெருப்பு காட்டினா அந்த இடத்துல பலம் போச்சு. ஆர்கான் வெல்டிங்கும் அப்படித்தான். ஸ்போக்ல விரிசல் விட்ட ரிம்மை வெல்டிங் வச்சு ஓட்டுறதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

இன்சூரன்ஸ் கேட்பீங்க. உரசலுக்கு கிளெய்ம் போடாதீங்க. 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் உங்க கையில இருந்துதான். அதோட அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததுக்கு பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, போயிடும். அது முதல் வருஷமே 20 சதவீதம், போகப் போக 50 வரைக்கும் ஏறும். டயர் மட்டும் போச்சுன்னா சாதாரண பாலிசியில பைசா வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தாத்தான் டயர் விலையில பாதி.

சரி, இப்ப அந்தக் கடைசி வரி. ஓட்ட வராதுன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதாம்மா: ஏன் எப்பவும் பின்னாடி இடது வீல்? ஏன் பங்க்ல இருந்து வெளிய வரும்போது?

வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்துல போகாது. உள்பக்கமா வெட்டிக்கிட்டுத்தான் வரும். ஸ்விஃப்டையே எடுத்துக்கோங்க. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 2450 மில்லிமீட்டர். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பினா, பின்சக்கரம் ரெண்டு அடிக்கு மேலயே உள்ள வந்துடும். இன்னோவா கிரிஸ்டா 2750, அதுல இன்னும் அதிகம். நம்ம ஊர்ல டிரைவர் வலது பக்கம் உட்கார்றோம், இடது பின்சக்கரம் நம்ம கண்ணுக்கு ரொம்பத் தூரம். முன்சக்கரம் கல்லைத் தாண்டிடுச்சு, அவ்வளவுதான்னு நினைக்கும்போதுதான் பின்னாடி சத்தம் வருது. இதுல ஆம்பளை பொம்பளை எங்க வந்துச்சு? கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்க வீட்டுக்காரர் அதே பங்க்ல அதே ஒடிப்பு ஒடிச்சா அவருக்கும் உரசும்.

கல்லையும் பாருங்க. நகரச் சாலைகளுக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வச்சிருக்கிற அளவுல வண்டி ஏறக்கூடிய தாழ்வான ஓரக்கல் 100 மில்லிமீட்டர், அடுத்தது 150, வண்டி ஏறவே கூடாதுங்கிற இடத்துல 200. இப்ப உங்க டயர். 185/65 ஆர்15 போட்டிருந்தா, 185-ல 65 சதவீதம், 120 மில்லிமீட்டர்தான் சைடுவால் உயரம். வண்டி எடையில கொஞ்சம் அமுங்கும். ரிம் விளிம்பும் கொஞ்சம் கீழ நீட்டியிருக்கும். அப்ப ரிம்மோட கீழ் விளிம்பு தரையில இருந்து 100-க்கும் உள்ளதான் நிக்குது. 100 கல்லுன்னா பெரும்பாலும் ரப்பர்தான் உரசும், ரிம்மும் லேசா படலாம். 150 கல்லு நேரா ரிம்மைப் பிடிக்கும். அதே ஸ்விஃப்ட்ல கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14 வரும். சைடுவால் 132, ரிம்மும் ஸ்டீல். பெரிய ரிம் ஷோரூம்ல பார்க்க எடுப்பா இருக்கு, நம்ம ரோட்டுக்கு அந்த அரை இஞ்சு ரப்பர்தான் முக்கியம்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான்.

நாளைக்கே அதே பங்க்குக்குப் போங்க தங்கச்சி, கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து. இடது மிரரைக் கொஞ்சம் கீழ இறக்கி வைங்க, பின்சக்கரம் தரையைத் தொடுற இடம் தெரியணும். கல்லுல இருந்து மூணு அடி தள்ளி வாங்க. கல்லோட முனை உங்க பக்கத்து சீட்டுக்கு நேரா வர்ற வரைக்கும் ஒடிக்காதீங்க. வெளிய ரோட்டுல வண்டி வருதான்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் திரும்புங்க, கண்ணு மிரர்லயும் ஒரு தடவை போய்ட்டு வரட்டும். ஒருவேளை பின்னாடி உரசுற சத்தம் கேட்டா ஆக்ஸிலேட்டரை மிதிச்சு ஏத்திடாதீங்க. நிறுத்துங்க. எந்த ஸ்டியரிங்ல வந்தீங்களோ அதே ஸ்டியரிங்ல, பின்னாடி ஆள் இல்லைன்னு பார்த்துட்டு, மெதுவா ரிவர்ஸ் வாங்க. ஏத்தி இறக்குறதுலதான் அந்த வளைகாப்புக்காரருக்கு டயர் போச்சு.

உங்க வீட்டுக்காரர்கிட்ட மறைக்க வேண்டாம்மா. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, அவரையே உள்பக்கம் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. டயர்ல புடைப்பு இருந்து மாத்த வேண்டி வந்தா, பக்கவாட்டுல ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும், அதைப் பாருங்க. 2524னு இருந்தா 2024-ம் வருஷம் 25-வது வாரம் செஞ்சது. புது வண்டியில அந்த ஒரு டயரை மட்டும் அதே கம்பெனி, அதே மாடல்ல மாத்தினாப் போதும். ரொம்ப ஓடின வண்டின்னா அதே அச்சுல இருக்கிற ரெண்டையும் சேர்த்து மாத்தணும். போட்டோ எடுத்து அனுப்புங்க, ரிம் மட்டும் இல்ல, அந்த எண்ணும் தெரியிற மாதிரி.