மூன்றாம் ஆண்டுப் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெற்றோர்களே, முக்கியமாக விண்ணப்பப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு சில நாட்களாகத் தூக்கம் தொலைத்திருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"என்ன வேலைக்குப் போவது என்று தெரியாத மாணவர், பல்கலைக்கழகப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வேலைவாய்ப்பைப் பார்த்தா, மனம் ஒட்டும் பாடத்தைப் பார்த்தா?" இதுதான் தலைப்பு. பாடத்தைப் பார்த்துத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் சொன்னார்: "எந்த வேலை என்று தெரியவில்லையா? வேலை அதிகம் கிடைக்கிற படிப்பில் சேர்ந்துவிடு. பிடிப்பு பிறகு தானாக வரும்." அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அந்த அறிவுரைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்று வேலை இருக்கும் துறையில் நான்கு ஆண்டு கழித்தும் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை. அதைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

1990களின் கடைசியில் அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் புற்றீசல் போலக் கிளம்பின. கணினி படித்தால் கவலையே இல்லை என்று மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். 2000 மார்ச்சில் உச்சத்தைத் தொட்ட பங்குச்சந்தை, அதன் பிறகு சரிந்தது. அந்த உச்சக் காலத்தில் உள்ளே போனவர்கள் பட்டத்தோடு வெளியே வந்தது 2003-04இல். அந்த ஓராண்டில் மட்டும் கணினித் துறையில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் ஏறக்குறைய 59,000 பேர். உள்ளே போகும்போது பார்த்த சந்தை வெளியே வரும்போது இல்லை. சரி, அடுத்து என்ன நடந்தது? சரிவைப் பார்த்த தம்பி தங்கைகள் பயந்து ஒதுங்கினார்கள். 2008-09இல் அதே பட்டம் வாங்கியவர்கள் ஏறக்குறைய 38,000 பேராகக் குறைந்துபோனார்கள். ஐபோன் வந்தது 2007இல். ஆப் ஸ்டோர் திறந்தது 2008இல். செயலி எழுத ஆள் தேடி உலகமே அலையப்போகிற பத்தாண்டின் வாசலில் பட்டதாரிகள் குறைந்து நின்றார்கள்.

சந்தையைப் பார்த்துச் சேர்ந்தவர்களும் ஏமாந்தார்கள், சந்தையைப் பார்த்து விலகியவர்களும் ஏமாந்தார்கள். அவர்கள் புத்தி குறைந்தவர்கள் இல்லை, நடுவர் அவர்களே. நான்கு ஆண்டுக்கு அப்பால் இருப்பதை யாராலும் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் பதினேழு வயதுப் பிள்ளையால் எதைத்தான் பார்க்க முடியும்? பாடத்தைப் பார்க்க முடியும். வேலை நாளைக்கு. பாடம் இன்றே அச்சடித்துக் கிடக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் எடுத்துப் படிக்கலாம். அதில் முதலாண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலாண்டு பெரும்பாலும் பள்ளிப் பாடத்தின் தொடர்ச்சிதான். மூன்றாம் ஆண்டுத் தாள்களைப் பாருங்கள். அங்கேதான் அந்தத் துறையின் உண்மையான முகம் இருக்கிறது.

உளவியல் என்றால் மனிதர்களோடு பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்துச் சேர்கிறார்கள். உள்ளே போனால் புள்ளியியல் காத்திருக்கிறது. ஆய்வு முறைகளும் சோதனை அறிக்கைகளும் பருவத்துக்குப் பருவம் வருகின்றன. பொருளியலில் வணிகம் பேசுவார்கள் என்று போனால் நுண்கணிதம் வருகிறது. கணினி அறிவியல் என்றால் நிரல் எழுதுவது மட்டும் என்று நினைத்தவருக்கு, தர்க்கமும் தேற்றத்துக்கு நிறுவல் எழுதுவதும் கிடைக்கின்றன. சட்டம் என்றால் நீதிமன்றத்தில் வாதாடுவது கண்ணுக்குத் தெரிகிறது. பக்கம் பக்கமாகத் தீர்ப்புகளைப் பொறுமையாக வாசிப்பது தெரிவதில்லை. இவை எதுவும் மோசமான பாடங்கள் இல்லை. புள்ளியியல் பிடிக்கிற பிள்ளைக்கு உளவியல் சொர்க்கம். பெயரைப் பார்த்து அல்ல, உள்ளே இருப்பதைப் பார்த்துச் சேருங்கள் என்கிறேன்.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கல்விப் புள்ளிவிவர மையம், 2011-12இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017இல் ஓர் அறிக்கை தந்தது. இளநிலைப் பட்டப்படிப்பில் முதன்மைப் பாடத்தை அறிவித்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர், மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது பாடத்தை மாற்றியிருந்தார்கள். கணிதத்தைத் தேர்ந்தெடுத்தவர்களில் மாறியவர்கள் 52 சதவீதம். பள்ளியில் கணக்கு நன்றாக வந்த பிள்ளைகள்தானே கணிதம் எடுத்திருப்பார்கள்? பள்ளிக் கணக்கு விடை கண்டுபிடிப்பது, பல்கலைக்கழகக் கணிதம் ஒரு கூற்று ஏன் உண்மை என்று நிறுவுவது. அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்ல யாராவது இருந்திருந்தால் எத்தனை பேருக்கு அலைச்சல் குறைந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதை ஏடு படித்து மட்டும் சொல்லவில்லை. நானும் வேலை நிச்சயம் என்று மற்றவர்கள் சொன்ன ஒரு படிப்பில் சேர்ந்தவள்தான். பாடத்திட்டத்தை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இரண்டாம் பருவத்தில் நான்கு தாள்கள் அரியர். காலையில் எழுந்ததும் வகுப்பை நினைத்தாலே வயிற்றைப் பிசையும். சோம்பேறி என்றார்கள். நானும் அதை நம்பினேன். ஓராண்டை இழந்து வரலாற்றுக்கு மாறினேன். அங்கே அதே சோம்பேறி விடிய விடியப் படித்தாள். எனக்கு அறிவு திடீரென்று கூடிவிடவில்லை, அம்மா அப்பாக்களே. நான் உட்கார்ந்திருந்த இடம்தான் மாறியது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்ற பழமொழியை எடுத்து வைத்தார். அந்தப் பழமொழி எங்கள் அணிக்குச் சொந்தமானது, ஐயா. ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் பல பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் முதன்மைப் பாடத்தை உறுதி செய்வது அங்கே வழக்கம். பக்கத்திலேயே இங்கிலாந்தில் மூன்று ஆண்டு. விண்ணப்பிக்கும்போதே பாடம் முடிவாகிவிடும். ஓஃபர் மலமுட் என்ற பொருளியலாளர் இந்த இரண்டு நாட்டுப் பட்டதாரிகளையும் ஒப்பிட்டார். படித்த பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு மாறியவர்கள் இங்கிலாந்தில்தான் அதிகம். ஆழம் பார்க்க நேரம் கிடைத்தவர்கள் கரை மாறுவது குறைவாக இருந்தது. ஆகவே இன்னும் தெளிவில்லாத பிள்ளைக்கு, முதலாண்டில் பல பாடங்களைத் தொட்டுப் பார்க்க இடம் தருகிற படிப்பு கிடைத்தால் அதை விடக் கூடாது.

"சரி, மனம் ஒட்டிய பாடத்திலேயே சேர்ந்தான். அது தப்பாகிவிட்டால்?" என்று கேட்டார்கள். வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் பரோடாவில் இயற்பியலில் இளநிலைப் பட்டம். 1976இல் அமெரிக்காவின் ஓஹியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம். பட்டத்தைக் கையில் வாங்கியவர், தன் மனம் உயிரியலுக்குப் போய்விட்டது என்று தெரிந்து, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். உயிரணுவுக்குள் புரதம் செய்கிற ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல் பரிசு. படித்த இயற்பியல் வீணாகவில்லை. மூலக்கூறின் வடிவத்தைக் கதிர்களால் காணும் கலையில் அது அவருக்குக் கைகொடுத்தது. மனம் வைத்துப் படித்தது அடுத்த இடத்துக்கும் கூடவே வரும். கடனே என்று படித்தது தேர்வு முடிந்த மறுநாள் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவர், செவிலியர், கட்டடக் கலைஞர் போன்ற வேலைகளுக்கு அந்தப் படிப்பு இல்லாமல் உரிமம் கிடையாது. அவற்றில் ஒன்றின் மேல் உண்மையான எண்ணம் இருந்தால் அந்த வழியை அடைத்துவிடக் கூடாது. பள்ளியில் கணிதத்தைக் கைவிடுவதும் அப்படித்தான். அதோடு பல கதவுகள் சேர்ந்து மூடிக்கொள்கின்றன. கதவைத் திறந்து வைத்துக்கொள்வது வேறு, பிடிக்காத அறைக்குள் நான்கு ஆண்டு உட்கார்ந்திருப்பது வேறு.

இனி எதிரணியின் கனமான கேள்விக்கு வருகிறேன். "வசதி உள்ள வீட்டுப் பிள்ளை மனம் போல் படிக்கலாம். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அது கட்டுப்படியாகுமா?" இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு மிகப் பெரிய ஆபத்து எது? சம்பளம் குறைந்த பட்டமா? இல்லை. பாதியில் நின்றுபோவது. பட்டமும் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சுவது. வசதி உள்ளவர் விழுந்தால் இன்னொரு முறை கட்டணம் கட்டிச் சேர்த்துவிடுவார்கள். இவருக்கு ஒரே வாய்ப்புதான். அந்த ஒரே வாய்ப்பை, முடித்துவிட்டு வெளியே வரக்கூடிய பாடத்தில் வைக்காமல், யாரோ சொன்ன வேலையை நம்பிப் பிடிக்காத பாடத்தில் வைக்கச் சொல்வது எப்படி அக்கறையாகும்? பிடித்த பாடத்தோடு கணக்குப்பதிவோ தரவு ஆய்வோ ஒரு மொழியோ துணைப்பாடமாகச் சேர்த்துக்கொள்ளட்டும். அது முதல் வேலைக்கு வழி திறக்கும். முதன்மைப் பாடம் அவரைக் கடைசி ஆண்டு வரை வகுப்பில் வைத்திருக்கும்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவரின் மறுப்புரை இன்னும் பாக்கி இருக்கிறது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி. எந்த வேலை என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியிடம், "இந்தப் படிப்பில் சேர், வேலை இருக்கிறது" என்று சொல்லப் போகிறீர்கள். அப்படிச் சொல்வதற்கு முன்னால், அந்தப் படிப்பின் மூன்றாம் ஆண்டுப் பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கத்தை அவள் கையில் கொடுத்து, வாசித்து முடிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பீர்களா, மாட்டீர்களா? பார்ப்பேன் என்று நீங்கள் சொன்னால், உங்கள் இருக்கை எங்கள் பக்கத்தில் காலியாக இருக்கிறது.

நன்றி, வணக்கம்.