புறநகர் எவ்வளவு பத்திரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைக்கு வெளியே புறநகரில் வீடு பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஏரியா சேஃப்தானே?" என்பதுதான். சேலையூராக இருக்கட்டும், முடிச்சூராக இருக்கட்டும், அந்தப் பக்கம் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூராக இருக்கட்டும், கேள்வி மாறாது. நான் தாம்பரத்துப் பக்கம் பல வருஷமாகக் குடியிருக்கிறவள், குடியிருப்போர் சங்கத்திலும் இருக்கிறேன், அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்கள் மனதில் இருப்பது திருடன். ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைப்பவன், பைக்கில் வந்து தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிறவன். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருடனை மட்டும் வைத்து ஒரு ஏரியா நல்லது, இன்னொன்று கெட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு கணக்கு. 2022-ஆம் வருஷம் இந்தியா முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே வருஷம் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் சாலையில் போன உயிர்கள் 17,884. வீட்டுப் பிள்ளை ராத்திரி வர நேரமானால் நமக்கு முதலில் தோன்றுவது யாராவது ஏதாவது பண்ணிவிட்டானோ என்பதுதான். கணக்கைப் பார்த்தால், அந்தப் பிள்ளை எந்த ரோட்டைத் தாண்டி வர வேண்டும் என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

சரி, எல்லோரும் கேட்பதால் திருட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2022 ஜனவரி 1-ஆம் தேதி முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி போலீஸ் கமிஷனரேட் வந்துவிட்டது. அது நல்ல மாற்றம்தான். அதுவரை எங்கள் பக்கத்தில் ஒரு தெரு சென்னை போலீஸ், அடுத்த தெரு மாவட்ட போலீஸ் என்று இருந்தது. சங்கிலி பறிபோய் அழுதுகொண்டே போகிற பெண்ணிடம் "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்போது சட்டமே மாறியிருக்கிறது, இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சட்டப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிவு செய்துகொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். பறிப்பு என்பதையே அந்தச் சட்டத் தொகுப்பில் தனிக் குற்றமாகவும் ஆக்கிவிட்டார்கள். லிமிட் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

வீடு புகும் திருட்டைப் பொறுத்தவரை, எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பூட்டிய வீடுகளைத்தான் குறிவைக்கிறார்கள். வீடு பூட்டியிருப்பது எப்படித் தெரிகிறது? இரண்டு நாளாகக் கோலம் இல்லாத வாசல், பட்டப்பகலில் எரிகிற வராந்தா லைட், கேட்டில் செருகிய விளம்பரத் தாள் அப்படியே நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டின் வெளிப்பக்கம் தொங்குகிற பெரிய பூட்டு. பூட்டைக் கேட்டின் உள்பக்கமாகத் திருப்பிப் பூட்டலாம். ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது பார்ப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா காலையில் உங்கள் வாசலிலும் தண்ணீர் தெளித்து நாலு இழை போட்டுவிட்டால் அதற்கு ஈடான காவல் இல்லை. அதற்கு முதலில் அந்த அக்காவோடு உங்களுக்குப் பேச்சு இருக்க வேண்டும். புதிதாக வந்த அடுக்குமாடிகளில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதுதான் கவலை.

இப்போது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். தெருவிளக்கு. எங்கள் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற முனையில் ஒரு கம்பம். அந்தப் பக்கம் டவுன் எல்லை, இந்தப் பக்கம் ஊராட்சி எல்லை, கம்பம் சரியாக நடுவில். விளக்கு எரியவில்லை என்று இங்கே போனால் அது அங்கே சேரும் என்பார்கள், அங்கே போனால் இங்கே சேரும் என்பார்கள். ஒரு பக்கம் காலி மனை, சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கும், பொழுது சாய்ந்தால் உள்ளே உட்கார்ந்து குடிக்கிற கூட்டம். ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிற நர்ஸ் பெண்கள், கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள், எல்லோரும் அந்த முனையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, காதில் யாரோடாவது பேசிக்கொண்டே, கிட்டத்தட்ட ஓடி வருவார்கள்.

அந்த முனையில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் ராத்திரி டிபன் கடை போட்டார். பக்கத்து வீட்டில் கேட்டு ஒரு வயர் இழுத்து, வண்டிக்கு மேலே இரண்டு பல்பு. இட்லி, கல்தோசை, முட்டை தோசை, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அந்த முனையே மாறிப்போனது. ஆட்டோக்காரர்கள் அங்கே வந்து நின்றார்கள், பேச்சிலர் பசங்கள் சாப்பிட வந்தார்கள், குடிக்கிற கூட்டம் தானாக வேறு இடம் பார்த்துக்கொண்டது. கடைசி ரயிலில் வருகிற பெண்களை அந்த அம்மாவுக்கு முகம் தெரியும், "இன்னிக்கு லேட்டாம்மா?" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்த ஒரு குரலுக்காகவே சில பெண்கள் எதிர்ச்சாரியிலிருந்து இந்தப் பக்கம் மாறி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் வருத்தம். எங்கள் தெருவிலேயே சிலர், நடைபாதையில் கடை, கண்டவனும் வந்து நிற்கிறான், ஏரியா கெட்டுப்போகிறது என்று புகார் எழுதினார்கள். சங்கக் கூட்டத்தில் நான் எவ்வளவோ சொன்னேன், ஆள் நிற்பதுதான் நமக்குக் காவல் என்றேன். எடுபடவில்லை. வண்டியை எடுத்துப்போய்விட்டார்கள். மறுநாள் ராத்திரி முனை பழையபடி இருட்டு. அதன் பிறகு நாங்கள் நடையாய் நடந்து, கம்பத்தில் நம்பர் எழுத வைத்து, ஒருவழியாக எல்.இ.டி. விளக்கும் வந்துவிட்டது. நல்ல வெளிச்சம். ஆனால் அந்த அம்மா திரும்பி வரவில்லை, வேறு ஊரில் கடை போட்டுவிட்டார். வெளிச்சம் இருக்கிறது, ஆள் இல்லை. இன்றைக்கும் பெண்கள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால் திரும்பவும் சொல்கிறேன், விளக்கு வேண்டும், விளக்கோடு கண்ணும் வேண்டும்.

பெரிய சுவர் கட்டி, கேட் வைத்து, செக்யூரிட்டி போட்ட குடியிருப்புகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். உள்ளே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், கேமரா எல்லாம் உள்பக்கம் பார்த்து இருக்கும். வெளியே அந்த நீளச் சுவரை ஒட்டி ஒரு வீட்டு ஜன்னலும் இல்லாத, ஒரு பெட்டிக்கடையும் இல்லாத தெரு. உள்ளே பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா அந்த இருட்டில்தான் நடந்து போகிறார். அவர் போகிற வழி பாதுகாப்பாக இல்லாத ஏரியாவைப் பாதுகாப்பான ஏரியா என்று என்னால் சொல்ல முடியாது.

இனி ரோட்டுக்கு வருகிறேன். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தச் செய்தி கேட்ட நாளை எங்கள் பக்கத்துப் பெற்றோர் யாரும் மறக்கவில்லை. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது வருஷா வருஷம் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்களே, அது அந்தக் குழந்தைக்குப் பிறகு வந்ததுதான். ஆனால் ஷேர் ஆட்டோவிலும் வேனிலும் அடைத்துக்கொண்டு போகிற பிள்ளைகளை யார் சோதிக்கிறார்கள்? உங்கள் பிள்ளை போகிற வண்டியின் தளத்தை, கதவை, ஒரு நாள் நீங்களே குனிந்து பாருங்கள்.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் ஸ்கூட்டரோடு சாய்ந்ததும், பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எல்லோரும் பேனரைப் பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நான் லாரியைப் பற்றியும் பேசுவேன். குழாயில் தண்ணீர் வராத வரைக்கும் புறநகரின் குறுகலான ரோட்டில் இரவும் பகலும் தண்ணீர் லாரி ஓடத்தான் செய்யும். குடிதண்ணீர்க் குழாய் போடுவதும் சாலைப் பாதுகாப்பு வேலைதான். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து அந்த ஜி.எஸ்.டி. ரோட்டில் மூட்டை முடிச்சோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறுகிறது. கொஞ்சம் சுற்றினாலும் சுரங்கப்பாதை, மேம்பாலம் எது இருக்கிறதோ அதில் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மழைத் தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்று வந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும், அடையாற்றங்கரையில் இருக்கிற வரதராஜபுரத்திலும் ஜனங்களைப் படகில் மீட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது. சென்னைப் பக்கம் தாழ்வான இடங்களில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். புரோக்கர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். வீடு பார்க்கப் போனால் முனையில் இருக்கிற அயர்ன் வண்டிக்காரரிடம் கேளுங்கள், 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று, இடுப்பா, மார்பா என்று கையை வைத்தே காட்டிவிடுவார். அக்கம்பக்கத்தில் ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா, அதையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வந்து உங்களைக் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், போனை வையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்கு அடியுங்கள். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். மற்ற அவசரத்துக்கு 112.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.