நெல் பேசியது, நோட்டு பேசியது

நடுவர் அவர்களே! சர்வாதிகாரத்தில் மக்களின் மௌனம் சம்மதமா, எதிர்ப்பா என்பது தலைப்பு. எதிர்ப்பே என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் பர்மாவை, இன்றைய மியான்மரைக் காட்டினார். ராணுவத் தளபதி நே வின் 1962 முதல் 1988 வரை ஆண்டாரே, பிடிக்காவிட்டால் 26 வருஷம் பொறுப்பார்களா என்று கேட்டார்.

பொறுக்கவில்லை ஐயா! 1962 ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் விடியுமுன் மாணவர் சங்கக் கட்டடத்துக்கே வெடி வைத்தார்கள். 1974இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீதும் துப்பாக்கிச் சூடு. இதைப் பார்த்த பிறகு யார் வாய் திறப்பார்?

வாய் பேசவில்லை, நெல் பேசியது. இத்தனை கூடை நெல்லை அரசு சொன்ன விலைக்கு விவசாயி அளந்தாக வேண்டும். வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதல் கிடைக்கும். எனவே மட்டமானதை அரசுக்கு அளந்துவிட்டு, நல்ல நெல்லைப் பதுக்கினார்கள். அரசுக் கடை காலியானது. சோப்பும் துணியும் மருந்தும் தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளச் சந்தைக்கு வந்தன.

அரசு தன் கொள்முதல் விலையைக் குறை சொல்லவில்லை, மக்கள் கையிலிருந்த நோட்டைக் குறிவைத்தது. 1964இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றது; கியாட் என்பது பர்மா பணம். கடைகளும் அரசுடைமை ஆனதால் லட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையோடு கிளம்பினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்த நம் தமிழர் போட்ட கடைகள்தான். 1985 நவம்பரில் 20, 50, 100 போயின. அப்போதாவது ஓரளவு மாற்றிக்கொள்ள முடிந்தது.

1987 செப்டம்பர் 1ஆம் தேதி நெல் வியாபாரக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். துணிந்து விற்றவன் கையில் காசு வந்தது. 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது, மாற்றும் கிடையாது என்றார்கள்! புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வெறும் காகிதம். அன்றே ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

பிறகு வந்த புது நோட்டுகள் 45, 90. ஒன்பதால் வகுபடும் எண்கள். நே வின்னுக்கு ஒன்பது ராசியான எண். ஆயிரம் கியாட் எண்ண வேண்டுமா? 90இல் பதினொன்று, மேலே ஒரு 10. ஒவ்வொரு கடைக்காரனும் தினமும் இந்தக் கணக்கைப் போட்டான், நடுவர் அவர்களே. காசு கைக்கு வந்ததும் மக்கள் அதை அரிசியாக, எண்ணெயாக, தங்கமாக மாற்றி வைத்தார்கள். எல்லோரும் பணத்தைத் தள்ளிவிட்டுப் பொருளைப் பிடித்தால் விலை ஏறாதா? 1988இல் அரிசி விலை எகிறியது. அரசின் கையெழுத்தை நம்பவில்லை என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

சம்மதம் இருந்தது என்று எதிரணி சொல்கிறது. நே வின்னே அப்படிச் சொல்லவில்லை! 1988 ஜூலை 23ஆம் தேதி, நாட்டில் அனுமதிக்கப்பட்ட ஒரே கட்சியான தன் கட்சியின் மாநாட்டில், மார்ச்சிலும் ஜூனிலும் நடந்த கலவரங்கள் அரசின் மீதும் கட்சியின் மீதும் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகின்றன என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். பல கட்சி ஆட்சி வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுக்கச் சொன்னதும் அவரே. பதினாறாம் நாள், ஆகஸ்ட் 8, நாடே வேலைநிறுத்தத்தில் இறங்கியது.